இரவில் வீட்டுக்கு வரும் மனநலக் குழு: டெல்டா மாவட்டங்களுக்காக ஒரு கோரிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரி டெல்டாவில் அரசு மனநல மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களிலும், மனநோய் முற்றிய நிலையில் தவிப்பவரின் வீட்டுக்கே இரவு பகல் பாராமல் சென்று சிகிச்சையைத் தொடங்கும் நெருக்கடிக் குழுக்களை அரசு அமைக்க வேண்டும். அந்தக் குழுவில் இருக்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் சமூகப் பணியாளருக்கும் அதுவே முழுநேரப் பணியாக, பதவி உயர்வும் ஓய்வூதியமும் உள்ள பணியாக அமைய வேண்டும். இந்தக் கோரிக்கையை முன்வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். மனநல மருத்துவத்தில் மேற்படிப்பை முடித்துவிட்டு எந்த நகரத்தில் கிளினிக் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு வட்ட மருத்துவமனைக்குச் சென்று வெளிநோயாளர்களைப் பார்க்கிறார். அந்தத் திட்டத்தால்தான் முன்பு மாத்திரைக்காக நெடுந்தூரம் அலைந்த குடும்பங்களுக்கு இன்று ஊர்ப்பக்கத்திலேயே மருந்து கிடைக்கிறது. இதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் வெளிநோயாளர் பிரிவு மதியத்தோடு முடிந்துவிடுகிறது. பல நாள் உறங்காமல், சோறு தண்ணீரைத் தொடாமல், தன்னைக் கொல்ல ஆள் வருகிறது என்று கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருக்கும் ஒரு மகனைப் பெற்றோர் எப்படி வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்து வருவார்கள்? இரவு பத்து மணிக்கு மேல் நிலைமை கைமீறும்போது அவர்கள் முதலில் பங்காளிகளைக் கூப்பிடுகிறார்கள். பிறகு ஊராட்சித் தலைவரை, பிறகு வாடகை வேன் வைத்திருப்பவரை. தெருவில் உள்ள நாலு வாலிபர்கள் சேர்ந்து துண்டாலும் கயிற்றாலும் கையையும் காலையும் கட்டி வண்டியில் ஏற்றுகிறார்கள். வேதாரண்யம் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அந்தப் பயணம் முழுவதும் அவர் கட்டப்பட்டே கிடக்கிறார். தன் இரத்த உறவுகளே தன்னைக் கட்டிப்போட்டதுதான் சிகிச்சை என்பதைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் முதல் அனுபவம். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவர் மாத்திரையை மறுத்தால், நோயின் மீது மட்டும் பழி போட முடியாது.

வீட்டுக்குச் செல்லும் குழு இருந்தால் இதில் பெரும்பகுதி தேவைப்படாது என்பது நான் கண்கூடாகப் பார்த்த உண்மை. என் பணிக்காலத்தில் இதற்கென்று தனி ஏற்பாடு எதுவும் இருந்ததில்லை. செவிலியர் ஒருவரும் சமூகப் பணியாளர் ஒருவரும் தாமாக முன்வந்ததால், பணி நேரத்துக்கு அப்பால், கிடைத்த வண்டியில் சென்று இதைச் செய்தோம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: வீட்டு வாசலில் முதல் அரைமணி நேரம் எப்படிக் கழிகிறது என்பதே அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும். டெல்டாக் கிராமத்தில் ஒரு வீட்டில் கூச்சல் கேட்டால் தெருவே திரண்டு நிற்கும். அந்தக் கூட்டத்தைக் கோபப்படாமல் கலைக்க ஊரில் மதிப்புள்ள ஒருவரின் துணை வேண்டும். அரிவாள், மண்வெட்டி, பூச்சிமருந்து டப்பா போன்றவற்றை வீட்டார் ஒருவர் ஓசையின்றி அப்புறப்படுத்த வேண்டும். பிறகு இருவர் மட்டும் உள்ளே போய், எட்டி நின்று, தரையில் உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். அவர் நம்புவதைப் பொய் என்று வாதாடவும் கூடாது, ஆமாம் என்று தலையாட்டவும் கூடாது. "நான் டாக்டர், உங்கள் அம்மா கூப்பிட்டார்கள், நீங்கள் தூங்கி நாலு நாளாகிறது என்று கவலைப்படுகிறார்கள்" என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கோயிலுக்குப் போகலாம் என்றோ, கல்யாணத்துக்குப் போகலாம் என்றோ ஏமாற்றி வண்டியில் ஏற்றுவதைப் போன்ற பெருந்தீங்கு இந்தத் துறையில் வேறில்லை. ஒருமுறை ஏமாற்றப்பட்டவர் அதன்பின் எந்த டாக்டரையும் நம்புவதில்லை.

வீட்டில் அவர் யாருடைய சொல்லைக் கேட்பார் என்று கண்டறிவது அடுத்த வேலை. அது பெரும்பாலும் தந்தையாக இருப்பதில்லை. கட்டிக்கொடுத்த அக்காவாக, தாய்மாமனாக, சில வேளைகளில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய வாத்தியாராக இருக்கும். நான்கு ஆண்கள் பிடித்தும் அடங்காத ஒரு இளைஞர், பக்கத்து ஊரிலிருந்து வந்த அக்கா கையைப் பிடித்து "மாத்திரையைப் போட்டுக்கடா தம்பி" என்றதும் வாங்கி விழுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவக் கல்லூரியில் இதை யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை. மூத்த செவிலியர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

இதற்கு எதற்கு மருத்துவர், பேசத் தெரிந்த ஒருவர் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். பித்துப் பிடித்தாற்போல் தோன்றுவதெல்லாம் மனநோய் ஆகாது என்பதே என் பதில். காய்ச்சல் மூளையைத் தாக்கினாலும், இரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ குறைந்தாலும் ஒருவர் பிதற்றுவார். நெடுநாள் குடித்தவர் திடீரென்று குடியை நிறுத்தினால் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நடுக்கமும் மனக்குழப்பமும் வந்து, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்துவார். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. குடலிறக்க அறுவை சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்டவர் மூன்றாம் நாள் படுக்கையிலிருந்து எழுந்து ஓடுவதும், 2020 மார்ச் மாதம் ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது வீடுகளில் பலர் இந்த நிலைக்குப் போனதும் மருத்துவர்கள் அறிந்தவை. அவருக்கு உரிய மருந்துகளோடு தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் தேவை. அதைத் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் நேரலாம். குழந்தை பெற்ற இரண்டு வாரங்களுக்குள் சில பெண்களுக்கு வரும் கடுமையான மனநோயும் அப்படிப்பட்ட அவசரம்தான். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் அது வருகிறது. தாயும் சிசுவும் ஒரே நேரத்தில் ஆபத்தில் இருக்கிறார்கள். வீட்டிலோ 'பச்சை உடம்பு, காத்துக் கருப்பு பட்டுவிட்டது' என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். பேசாமல், அசையாமல், கொடுத்த கவளம் வாயிலேயே இருக்கச் சிலைபோல் நிற்பவரைச் சாமி வந்தவர் என்று கும்பிடுவதும் உண்டு. கேட்டடோனியா என்ற அந்த நிலை லோராசெபாம் மருந்தினால் பல நேரங்களில் சில மணி நேரத்திலேயே இளகுகிறது. கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊசி தேவைப்படும் நேரங்களும் உண்டு. ஆவேச நிலையில் உள்ளவருக்கு எந்த ஊசி விரைவாகவும் பாதுகாப்பாகவும் பலன் தரும் என்பதைப் பற்றி உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. 2004-ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வு, ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்த்துப் போடுவது லோராசெபாமை விட விரைவாக அமைதியையும் உறக்கத்தையும் தருகிறது என்று காட்டியது. இரண்டும் விலை குறைந்த, எங்கும் கிடைக்கும் மருந்துகள். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து அலமாரியில் இவற்றை வைத்திருக்கப் பெரும்பணம் வேண்டியதில்லை. போடத் தெரிந்த, போட்டபின் மூச்சையும் நாடியையும் கவனிக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

டெல்டாவில் மனநல நெருக்கடியைப் பற்றிப் பேசும் எவரும் பூச்சிமருந்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நெல் விளையும் ஊரில் அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தன் உயிரைப் போக்கிக்கொள்ள முயல்பவர்களில் பலர் நெடுநாள் திட்டமிட்டவர்கள் அல்லர். ஒரு வாய்த்தகராறு, ஒரு கடன்காரரின் ஏச்சு, தேர்வு முடிவு என்று சில நிமிடங்களின் கொந்தளிப்பில் கைக்கு எட்டியதை எடுத்துவிடுபவர்கள். கைக்கு எட்டாமல் வைத்தால் பலர் பிழைக்கிறார்கள். இலங்கை மிகக் கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு, 1995-இல் உச்சத்தில் இருந்த அந்நாட்டின் தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. நம் பக்கத்திலேயே, வீராணம் ஏரிப் பாசனத்தில் உள்ள காட்டுமன்னார்கோயில் வட்டத்துக் கிராமங்களில், டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய 'சினேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பினரும் விவசாயிகளின் பூச்சிமருந்தைப் பொதுவான ஓரிடத்தில் தனித்தனிப் பூட்டுப்பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். அங்கே அத்தகைய மரணங்கள் குறைந்ததை 2013-இல் வெளியான ஆய்வில் பதிவும் செய்தார்கள். அந்தப் பெட்டிகளை ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் வைப்பதற்கு எது தடையாக இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பிழைத்தவர்களின் கதை இன்னும் வேதனையானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு பகலாகப் போராடி நஞ்சை முறித்து உயிரை மீட்கிறார்கள். மனநலத் துறையில் எவரும் பார்க்காமலேயே பலர் வீடு திரும்புகிறார்கள். காவல்துறை வழக்கு வரும் என்று பயந்து 'வயிற்றுவலி தாங்காமல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு இடம்பெறவே இல்லை. இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். அதோடு, வீடு திரும்பியவரை யாராவது மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து இடங்களில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது ஒரு மணி நேரம் பேசியதும், அடுத்த 18 மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரித்ததும், தற்கொலை மரணங்களை வெகுவாகக் குறைத்தன. ஒன்பது விசாரிப்புகள்! இதற்குப் புது மருந்தோ புது இயந்திரமோ வேண்டாம். இதையே வேலையாகச் செய்யும் ஒருவர் வேண்டும்.

இந்தப் பகுதி இயற்கையின் சீற்றத்தையும் அடிக்கடி தாங்குகிறது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. பிள்ளைபோல் வளர்த்த மரங்கள் ஒரே இரவில் விழுந்ததைத் தாங்க முடியாமல் உயிரை விட்ட விவசாயிகளைப் பற்றிய செய்திகள் அப்போது நாளிதழ்களில் வந்தன. சுனாமிக்குப் பிறகு உளவியல் ஆதரவுக் குழுக்கள் கடற்கரைக் குப்பங்களுக்கு வந்தன, உள்ளூர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி அளித்தன. அவர்கள் செய்த நற்பணியை நான் மறக்க மாட்டேன். ஆனால் நிவாரணத்தோடு வந்தவர்கள் நிவாரணத்தோடு போய்விட்டார்கள். துக்கமோ பலருக்கு ஓராண்டு கழித்துத்தான் நோயாக மாறியது. நிலையான குழு ஒன்று மாவட்டத்திலேயே இருந்தால், புயல் வரும் நாளில் அதுவே முன்னணியில் நிற்கும். புயல் போன பிறகும் ஊரிலேயே இருக்கும்.

சட்டம் இதற்கு இடம் தருகிறதா என்ற ஐயம் வேண்டாம். மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு, உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேரும் நிலையில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும், நோயாளியின் சார்பில் முடிவெடுக்கும் நியமனப் பிரதிநிதி அருகில் இருந்தால் அவருடைய இசைவோடு, மருத்துவமனையில் மட்டுமின்றி நோயாளி இருக்கும் இடத்திலேயே 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை அளிக்கலாம் என்கிறது. அரசு பேரிடரை அறிவித்துள்ள காலத்தில் இந்த 72 மணி நேரம் ஏழு நாள் வரை நீளலாம் என்றும் அது சொல்கிறது. டெல்டாவை மனத்தில் வைத்து எழுதியதோ என்று எனக்குத் தோன்றும். 100-ஆவது பிரிவின்படி, தெருவில் திரியும் மனநோயாளியைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். காவல் நிலைய லாக்கப்பில் அடைக்கவே கூடாது. 95-ஆவது பிரிவு, சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அந்தச் சாம்பலிலிருந்துதான் இந்தப் பிரிவு பிறந்தது என்றே நான் கருதுகிறேன். அந்த 28 பேரையும் அங்கே கொண்டுபோய் விட்டவை கல்நெஞ்சுக் குடும்பங்கள் என்று நான் நினைக்கவில்லை. நெருக்கடியான இரவில் கதவைத் தட்ட வேறு இடமில்லாத குடும்பங்களாகவே அவற்றைப் பார்க்கிறேன்.

நம்பிக்கையோடு கோயிலுக்கும் தர்காவுக்கும் செல்பவர்களைக் கண்டிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முசிறி சாலையில் காவிரிக் கரையில் உள்ள குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கிப் பெருமாளை வழிபட்டால் சித்தம் தெளியும் என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் வருகிறார்கள், நாகூருக்கும் வருகிறார்கள். வழிபாட்டையும் மருந்தையும் எதிரெதிராக நிறுத்தினால் நோயாளிதான் தோற்பார். ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மாத்திரையும் கிடைக்க அரசு செய்துள்ள ஏற்பாடு நல்ல முன்மாதிரி. அர்ச்சகரும் தர்காவின் டிரஸ்டியும் நெருக்கடிக் குழுவின் தொலைபேசி எண்ணைக் கையில் வைத்திருந்தால், அந்தக் குழுவுக்கு அவர்களைவிடச் சிறந்த துணை கிடையாது.

வீட்டுக்குச் செல்லும் மனநல சிகிச்சை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் 1970-களில் மனநல மருத்துவமனை ஊழியர்களே நோயாளிகளின் வீடுகளுக்குப் பணியை மாற்றிக்கொண்டதும், இத்தாலியின் திரியஸ்தே நகரில் ஃபிராங்கோ பசாலியாவின் முயற்சியால் பெரிய மனநோய் மருத்துவமனை மூடப்பட்டு, 24 மணி நேரமும் திறந்திருக்கும் வட்டார மையங்கள் அதன் இடத்தைப் பெற்றதும் உண்மையே. ஆனால் வேலூரில் 1957-இல் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பமும் தங்க வேண்டும் என்பதை ஆரம்பத்திலிருந்தே கடைப்பிடித்தது. 1961 முதல் 1978 வரை சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், நோயாளியை மதிலுக்குள் மறந்துவிடாமல் ஊருக்கும் வேலைக்கும் திருப்பி அனுப்புவதையே தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டு, 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான 'ஸ்கார்ஃப்' அமைப்பை நிறுவினார். 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் இந்தியாவில் நான்கே மாவட்டங்களில் தொடங்கியபோது அவற்றில் ஒன்று நம் திருச்சிராப்பள்ளி. தெருவில் கைவிடப்பட்ட மனநோயாளிகளுக்கான அவசரப் பராமரிப்பு மற்றும் மீட்பு மையங்கள் புதுக்கோட்டை உட்படப் பல மாவட்டங்களில் இயங்குகின்றன. இந்தத் தொடர்ச்சியில் நாம் செய்யாமல் விட்டது இரவில் வீட்டுக்குப் போவது ஒன்றைத்தான்.

ஏன் அது நடக்கவில்லை? என்னைப் பொறுத்தவரை காரணம் ஒன்றே: அதை ஒரு பணியாக எவரும் கருதவில்லை. மருத்துவரின் உழைப்பு, வெளிநோயாளர் பதிவேட்டில் எத்தனை பெயர் என்பதால் அளக்கப்படுகிறது. காலையில் நூறு பேருக்கு மருந்துச் சீட்டு எழுதியவர் பதிவேட்டில் நூறு. இரவெல்லாம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒருவரைக் கட்டாமல், அடிக்காமல், அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்குக் கொண்டுவந்தவர் பதிவேட்டில் ஒன்று. திட்டத்தின் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். ஓர் ஊரின் தெருக்களையும் குடும்பங்களையும் அவர்கள் அறிந்துகொள்ளும் நேரத்தில் ஒப்பந்தம் முடிகிறது, அல்லது அதைவிடக் கூடுதல் சம்பளத்துக்கு வேறு வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மழைக்காலத்தில் ஒரு பெண் செவிலியர் நடுநிசியில் விளக்கில்லாத வாய்க்கால் கரையில் நடந்து வருகிறார் என்றால், அவருக்குப் பாதுகாப்பான வண்டி, இரவுப்படி, மறுநாள் ஓய்வு, காப்பீடு ஆகியவை உரிமையாகக் கிடைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. இந்தப் பணியில் இழப்புகள் வரும். நேற்றுப் பேசிய ஒருவர் இன்று இல்லை என்ற செய்தி வரும். அப்போது அந்தக் குழுவினர் உட்கார்ந்து பேசவும், அழவும், மறுபடி பணிக்கு வரவும் நேரமும் மூத்தவரின் துணையும் வேண்டும். அது இல்லாமல் நல்ல உள்ளங்கள் சில ஆண்டுகளிலேயே கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

மனநல மருத்துவர்களே போதாத நாட்டில் இது சாத்தியமா என்பது நியாயமான கேள்வி. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆகவே ஒவ்வோர் அழைப்புக்கும் மனநல மருத்துவர் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஒரு குழு. அதில் மனநலப் பயிற்சி பெற்ற செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் முறைவைத்து இரவும் பகலும் இருக்கட்டும். அவர்கள் முதலில் போகட்டும். மருத்துவர் காணொளி வழியாகப் பார்த்து மருந்தை முடிவு செய்யட்டும். தேவைப்படும் வீட்டுக்கு அவரே நேரில் போகட்டும். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் 14416 என்ற டெலி மானஸ் தேசிய மனநல உதவி எண்ணும், தமிழகத்தின் 104 எண்ணும் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே அழைப்பை எடுப்பவர் ஆறுதலாகப் பேசுகிறார், வழிகாட்டுகிறார். ஆனால் இந்த வீட்டுக்கு இப்போதே ஆள் போக வேண்டும் என்று அவர் கருதும்போது அனுப்புவதற்கு ஆளில்லை. 108 ஆம்புலன்ஸ் வருகிறது. அதில் வரும் பணியாளர் விபத்துக்கும் மாரடைப்புக்கும் பிரசவத்துக்கும் பயிற்சி பெற்றவர். இந்த மூன்று எண்களிலிருந்தும் மாவட்டக் குழுவுக்கு அழைப்பு நேராக மாற்றப்பட வேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்துக்குச் சில வாரப் பயிற்சிதான், தனித் தேர்வு கிடையாது. ஆகவே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு, ஆவேசம், குடியை நிறுத்துவதால் வரும் மனக்குழப்பம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றை எப்படிக் கையாள்வது என்ற பயிற்சியை அந்தக் குழுவே அளிக்கலாம். காவல் நிலைய எழுத்தருக்கும் உதவி ஆய்வாளருக்கும் அதே பயிற்சி வேண்டும்; நள்ளிரவில் குடும்பம் ஓடிப்போய் நிற்கும் இடம் பெரும்பாலும் காவல் நிலையம்தான்.

இளம் மருத்துவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பணியில் கிளினிக்கில் கிடைக்கும் வருமானம் கிடைக்காது. ஆனால் கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்த ஒருவர், சில மாதம் கழித்துக் குறுவை நாற்றங்காலில் விதை தெளித்துக்கொண்டிருக்கும்போது வரப்பில் போகும் உங்களைக் கண்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து வணக்கம் சொல்வதை நீங்கள் பார்ப்பீர்கள். ஒருவருடைய நோயை அவருடைய வீட்டிலும் வயலிலும் வைத்துப் பார்க்கும் மருத்துவருக்கு, நோய் எங்கே முடிகிறது, வறுமையும் கடனும் குடும்பப் பூசலும் எங்கே தொடங்குகின்றன என்று தெரியும். அந்த அறிவை எந்தத் தேர்வுக்குப் படித்தாலும் பெற முடியாது. அரசு நிரந்தரப் பணியிடம் தந்தால் வருவதற்கு ஆள் இருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வர விரும்பிய மாணவர்களை நான் அறிவேன்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தற்கொலைச் செய்திகளில் முறையை விவரிக்காமலும், காரணம் இதுதான் என்று ஒன்றை மட்டும் சுட்டாமலும், உதவி எண்ணைச் சேர்த்தும் எழுத வேண்டும் என்ற நெறிமுறையை இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-இல் ஏற்றுக்கொண்டது. செய்தியின் அடியில் உதவி எண்ணைப் பார்த்து அழைத்த ஒருவர் பிழைத்தார் என்றால் அந்த ஒரு வரிக்கு ஈடாக எதைச் சொல்வது? மனம் தளர்ந்திருக்கும் எவரும், அவர்களைப் பார்த்துக் கலங்கி நிற்கும் குடும்பத்தினரும் 14416 அல்லது 104 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

நான்கு மாவட்டங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்க நிதி இல்லையென்றால், கடற்கரையும் கழிமுகமும் கொண்ட நாகப்பட்டினம் மாவட்டத்தில் முதல் குழுவை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகத் தொடங்கலாம். செவிலியர்களுக்கும் காவலர்களுக்கும் பயிற்சி அளிக்க, ஓய்வுபெற்ற மனநல மருத்துவர்கள் சிலர் ஊதியம் பெறாமல் வர இசைந்துள்ளோம். இதே கோரிக்கையை மாநில மனநல ஆணையத்துக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலருக்கும் தனியே அனுப்பியுள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மனநல மருத்துவர்,
கும்பகோணம்.